கண்ணி அளவு

மண்டபம் இறங்குதளத்தில்
சூடை மீன் குடல் இரண்டு கிலோ கேட்டேன்.
பூனை எத்தனை வளர்க்கிறீர்கள் என்றார் நத்தர்ஷா.
குடலுக்குக் காசு வேண்டாமாம்,
ஐஸுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

அரைத்து, வடிகட்டி, சுழலவிட்டு
மேலே தெளிந்த மஞ்சள் நீரை எடுத்தேன்.
கணக்கு அங்கே தொடங்கும்: நூறு.

பனிக்கட்டிக்குள் குவளை.
அமோனியம் சல்பேட்டை
கரண்டி கரண்டியாக, அவசரமில்லாமல்.
தண்ணீரையெல்லாம் உப்பு தன்பக்கம் இழுத்துக்கொள்ள
மிதக்க இடமற்ற புரதங்கள்
வெள்ளையாய்த் திரண்டு இறங்கின.
அறுபத்திரண்டு.

பிறகு அந்த உப்பையே வெளியேற்ற வேண்டும்.
சவ்வுப் பையின் இரு வாயையும் நூலால் கட்டி
நீரில் தொங்கவிட்டு
இரவு இரண்டு மணிக்கு நீர் மாற்ற எழுந்தேன்.
கச்சான் காற்றில் மின்சாரம் போயிருந்தது.
கைபேசி வெளிச்சத்தில்
பை ஊதிக் கனத்துக் கிடந்தது.
நத்தர்ஷாவை எழுப்பினேன்.
திட்டிக்கொண்டே ஒரு பாளம் ஐஸ் உடைத்துத் தந்தார்.
ஐம்பத்து நான்கு.

கண்ணாடிக் குழாயில் நிறைத்த மணிகளில்
ஒட்டாதது ஓடியது,
ஒட்டியதைக் கெஞ்சி இறக்கினேன்.
ஜெல்லில் ஒரே ஒரு நீலக் கோடு.
தூய்மை முப்பத்தெட்டு மடங்கு.
கையில் மிஞ்சியது பதினொன்று.

சுத்தம் என்று சீட்டு ஒட்டி வைத்த மூன்றாம் நாள்
பதினொன்று ஏழாகிவிட்டது.
புரதத்தை அறுப்பது அதன் பிழைப்பு.
குப்பையோடு குப்பையாய் இருந்தவரை
அறுக்க ஆயிரம் இருந்தன.
நான் தனியே பிரித்து வைத்தேன்,
பக்கத்தில் நின்றதெல்லாம் அதன் இனமே.
அதைத் தின்னத் தொடங்கியது.

ஆகவே கட்டிவைக்க வேண்டும்.
ஒன்றை ஒன்று எட்டாத தொலைவில், உயிரோடு.

பூமயில் கொண்டுவந்த கட்டக்கோரையை
வாஷிங் சோடாவில் வேகவைத்தால் கூழ்.
கூழில் நொதியைக் கலந்து
ஊசிக்குழாயால்
கால்சியம் கரைசலில் சொட்டவிட்டேன்.
விழுந்த சொட்டெல்லாம் விழுந்த இடத்தில் உருண்டது.
மன்னார் வளைகுடாவில் நின்றுகொண்டு
முத்து என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
ஜவ்வரிசி.

முதல் தடவை பாஸ்பேட்டில் கழுவித் தொலைத்தேன்;
கால்சியத்தை அது பிடுங்கிக்கொள்ள
காலையில் ஜவ்வரிசி கஞ்சியாகிவிட்டது.
இரண்டாம் தடவை உருண்டை நின்றது,
நொதி நழுவி வெளியே வந்துவிட்டது.
எட்டிப் பார்த்த பூமயில்
"கண்ணி பெருசு போல" என்றாள்.
அறிக்கையில் அதை நான்
ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதினேன்.
கூழைத் தடிப்பாக்கினேன். நின்றது.

சோதிக்க பழைய எக்ஸ்ரே படம் வேண்டும் என்றதும்
தன்னுடையதையே சுருட்டிக்கொண்டு வந்தாள்.
மூலையில் வெள்ளெழுத்து: பூமயில், 41, பெண்.
பாரில் மூச்சடக்கி மூச்சடக்கி
நெஞ்சு வலித்த வருடத்தில் எடுத்தது.
ஒன்றும் இல்லை என்றார்களாம்.

வெந்நீர்ப் பதத்தில் படத்தை வைத்து
உருண்டைகளைக் கொட்டினேன்.
வெள்ளியைத் தாங்கிய ஜெலட்டின்
விலா விலாவாய்க் கரைந்தது.
அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகை.
"கொலுசுக்கு ஆகுமா?"
மூக்குத்தித் திருகுக்கும் காணாது என்றேன்.
அதே உருண்டைகளை அள்ளி, கழுவி,
மறுபடி, மறுபடி.
ஒன்பதாம் முறையும் பாதிக்கு மேல் வேலை செய்தன.
தனியாய்க் கிடந்தபோது மூன்று நாள் தாங்காதவை.

வெளுத்த படத்தை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
இளநீலத் தகடு, கீறல் இல்லை.
முங்கும் கண்ணாடியில் இடதுபக்கம் உடைந்திருந்தது,
வட்டமாய் வெட்டிப் பொருத்தினாளாம்.

மறுவாரம் கட்டக்கோரை மூட்டையை இறக்கிவிட்டுச் சொன்னாள்:
"நல்லாத்தான் தெரியுது.
ஓரத்துல மட்டும் தண்ணி கசியுது."